புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் குழந்தை: கேள்வியை எப்போது கேட்க வேண்டும்?

புற்றுநோய் குணமாகிவிட்டது, இனி குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா? இந்தக் கேள்வியோடு மருத்துவர் முன் உட்காருகிறவர்களில் பலர் பதிலை ஏற்கெனவே மனதுக்குள் முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். "கீமோ எடுத்தாச்சு, இனி எங்கே" என்று ஆசையை மூட்டை கட்டி வைத்தவர்கள் ஒரு பக்கம். "மாதவிடாய்தான் திரும்ப வந்துவிட்டதே, அப்புறம் என்ன அவசரம்" என்று நிம்மதியாகத் தள்ளிப்போடுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு முடிவுமே ஆளை ஏமாற்றக்கூடியவை. முதல் முடிவால், கிடைத்திருக்கக்கூடிய குழந்தை கைநழுவுகிறது. இரண்டாவதால், இருந்த கொஞ்ச காலமும் தெரியாமலே கழிந்துவிடுகிறது.

நிணநீர் மண்டலத்தில் வரும் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, விரைப் புற்றுநோய், குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் ஆகியவற்றில் உயிர் பிழைப்பதே பெரிது என்றிருந்த காலம் போய்விட்டது. இன்று இவற்றில் பெரும்பாலானோர் குணமாகிறார்கள். இருபது வயதில் நோய் வந்தவருக்கு முன்னால் இன்னும் ஐம்பது, அறுபது வருட வாழ்க்கை இருக்கிறது. அந்த வாழ்க்கையில் குழந்தைக்கு இடம் உண்டா என்பது பேராசைக் கேள்வி ஆகாது. ஸ்காட்லாந்தில் 1981 முதல் 2012 வரை, 40 வயதுக்குள் புற்றுநோய் கண்டறியப்பட்ட 23,201 பெண்களின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். அதே வயதுள்ள மற்ற பெண்களைவிட இவர்கள் கருத்தரித்தது 38 சதவீதம் குறைவு. உடல் ஒத்துழைக்காததால் மட்டும் வந்த எண் என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது. பயந்து விலகியவர்கள், வேண்டாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்திக்கொண்டவர்கள், காத்திருந்து காத்திருந்து வயது கடந்தவர்கள் எல்லோரும் அந்தக் கணக்குக்குள் இருக்கிறார்கள்.

இந்த விஷயத்தை உற்றுப் பார்த்தால் எல்லாம் காலத்தில் வந்து நிற்கிறது. சிகிச்சைக்கு முன் கிடைக்கும் சில நாட்கள், சிகிச்சைக்குப் பின் காத்திருக்க வேண்டிய வருடங்கள், சினைப்பை வேலை செய்யப்போகும் மிச்ச வருடங்கள். இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதுகின்றன. எங்கே மோதுகின்றன என்று தெரிந்தால் முடிவெடுப்பது சுலபமாகிறது.

சிகிச்சை எங்கே அடிக்கிறது

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போது அதன் இரண்டு சினைப்பைகளிலும் சேர்த்து 10 முதல் 20 லட்சம் வரை கருமுட்டைகள் இருக்கின்றன. பருவமடையும்போது அவற்றில் 3 முதல் 4 லட்சம்தான் மிஞ்சும். வாழ்நாள் முழுக்க முதிர்ந்து வெளியே வருவது ஏறக்குறைய 400. மீதி எல்லாம் தானாகவே அழிந்துபோகும். புதிதாக ஒன்றுகூட உருவாகாது. கையில் கொடுத்து அனுப்பிய பணம் மாதிரி இது. செலவழிக்கலாம், சம்பாதிக்க முடியாது. கீமோதெரபி மருந்துகளில் சில இந்த இருப்பை ஒரேயடியாகக் குறைத்துவிடுகின்றன.

எல்லா மருந்தும் அப்படிச் செய்வதில்லை. சைக்ளோபாஸ்பமைடு போன்ற, உயிரணுவின் மரபணு இழையை நேரடியாகப் பிடித்துச் சேதப்படுத்தும் வகை மருந்துகள்தான் சினைப்பைக்கு அதிகக் கெடுதல் செய்பவை. ஒரே நோய்க்குக்கூட மருந்துத் திட்டத்தைப் பொறுத்து விளைவு மாறும். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவுக்குத் தரப்படும் ஏபிவிடி என்ற கூட்டு மருந்தில் ஆபத்து குறைவு. பீக்காப் என்ற தீவிரமான கூட்டு மருந்தில் அதிகம். எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு முன் தரப்படும் உச்ச அளவு கீமோவும் முழு உடல் கதிர்வீச்சும்தான் எல்லாவற்றையும்விடக் கடுமையானவை. "கீமோ எடுத்தேன்" என்ற இரண்டு சொல்லை வைத்து யாரும் யாருக்கும் ஆருடம் சொல்ல முடியாது. எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, எந்த வயதில் என்ற மூன்றும் தெரிய வேண்டும்.

வயது ஏன் என்றால், 25 வயதில் இருப்பில் பாதி போனாலும் மிச்சம் கணிசமாக இருக்கும். 39 வயதில் அதே மருந்து மாதவிடாயையே நிறுத்திவிடலாம். கீமோவின்போது நின்ற மாதவிடாய், இளம் பெண்களுக்குச் சில மாதங்களில் திரும்புவது வழக்கம். நான் முதலில் சொன்ன ஏமாற்றம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. மாதவிடாய் வருவதற்குக் கொஞ்சம் முட்டை இருந்தாலே போதும். இருப்பு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதை அது காட்டாது. இயல்பாக 50 வயதையொட்டி நிற்க வேண்டிய மாதவிடாய் 35-லோ 38-லோ நின்றுபோகலாம். ரத்தத்தில் ஏஎம்எச் என்ற ஹார்மோனின் அளவு, ஸ்கேனில் தெரியும் சிறு நுண்ணறைகளின் (முட்டை வளரும் பைகளின்) எண்ணிக்கை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இருப்பைப் பற்றி ஓரளவுக்கு ஊகிக்கலாம். ஏஎம்எச் குறைந்திருப்பதால் மட்டும் இயற்கையாகக் கருத்தரிக்கவே முடியாது என்று ஆகிவிடாது. காலம் குறைவு என்ற எச்சரிக்கையாகவே அதைப் படிக்க வேண்டும்.

கதிர்வீச்சில் முக்கியமானது இடமும் அளவும். கருமுட்டைகள் கதிர்வீச்சைத் துளியும் தாங்காதவை. 2 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைவான கதிர்வீச்சே அவற்றில் பாதியை அழித்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இடுப்புப் பகுதிக்குத் தரப்படும் சிகிச்சை அளவுகள் இதைப் போலப் பல மடங்கு. அதோடு கருப்பைக்கும் சேதம் ஏற்படுகிறது. தசைச் சுவர் நெகிழ்வை இழக்கிறது, ரத்த ஓட்டம் குறைகிறது. சிறு வயதிலேயே கதிர்வீச்சு பட்ட கருப்பை முழுதாக வளராமலும் போகலாம். முட்டையைக் காப்பாற்றி வைத்திருந்தாலும் சுமக்கும் இடம் தளர்ந்திருக்கும் நிலை இது. தலைக்குத் தரப்படும் கதிர்வீச்சு வேறு வழியில் வேலை செய்கிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி கட்டளை அனுப்புவதை நிறுத்திவிட்டால், நல்ல நிலையில் இருக்கும் சினைப்பையும் விரையும்கூட உறங்கிவிடும். இதற்கு ஹார்மோன் ஊசிகளால் தீர்வு உண்டு.

ஆண்கள் விஷயத்தில் ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. விந்தணுக்கள் வாழ்நாள் முழுக்க உற்பத்தியாகிக்கொண்டே இருப்பவை. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அவற்றை உருவாக்கும் மூல அணுக்கள் தப்பித்திருந்தால், சிகிச்சை முடிந்து சில மாதங்களிலோ சில வருடங்களிலோ உற்பத்தி மீண்டும் தொடங்கும். மூல அணுக்களும் அழிந்திருந்தால் விந்தணுவே இல்லாத நிலை நிரந்தரமாகலாம். கூடவே இன்னொன்று: விரைப் புற்றுநோயில் வயிற்றின் பின்புற நிணநீர்க் கணுக்களை அகற்றும்போது நரம்பு பாதிக்கப்பட்டால், விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். விந்தணு உற்பத்தி நன்றாக இருக்கும், பாதைதான் தவறியிருக்கும். அதை மருந்தாலோ, சிறுநீரிலிருந்து விந்தணுவைப் பிரித்தெடுத்தோ சரிக்கட்ட முடிகிறது.

முதல் ஊசிக்கு முன் இருக்கும் நாட்கள்

நோய் உறுதியான நாளுக்கும் சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் நடுவில் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் இருக்கும். எதிர்காலக் குழந்தைக்காகச் செய்யக்கூடியவற்றில் முக்கால்வாசி இந்த நாட்களுக்குள்தான் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் இதைப் பற்றிப் பேசும் மனநிலை யாருக்கும் இருப்பதில்லை. நோயாளிக்கு உயிர் பயம், மருத்துவருக்கு நோயைப் பிடித்து நிறுத்தும் அவசரம். கல்யாணம் ஆகாத பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்று குடும்பம் தயங்கும். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமான ஆஸ்கோ, 2006-லேயே இதற்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. குழந்தை பெறும் வயதிலுள்ள ஒவ்வொருவரிடமும், சிகிச்சை தொடங்குமுன், மருத்துவரே இந்தப் பேச்சை எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவர் எடுக்காவிட்டால் நோயாளியோ கூட வந்தவரோ வெட்கப்படாமல் எடுக்கலாம், எடுக்க வேண்டும். "இந்த மருந்தால் எனக்குக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு பாதிக்குமா? தொடங்குவதற்கு முன் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?" இந்த இரண்டு கேள்விகள் போதும்.

ஆண்களுக்கான வழி மிக எளிது. விந்தைக் கொடுத்து உறைய வைப்பது ஒரே நாளில் முடியும் வேலை. உறைந்த விந்தணுவால் மனிதக் கருத்தரிப்பு நடக்கும் என்பது 1953-லேயே நிரூபணமானது. 17 வயதில் விரைப் புற்றுநோய் வந்து, சிகிச்சைக்கு முன் சேமித்த விந்தணுவைக் கொண்டு 21 வருடம் கழித்து ஒருவர் தந்தையானதை 2004-ல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நோயின் காரணமாகவே எண்ணிக்கை மிகக் குறைந்திருந்தாலும் சேமிப்பது பயனுள்ளது. ஒரே ஒரு விந்தணுவை எடுத்து முட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் இக்சி முறை 1992-ல் வந்த பிறகு, சில விந்தணுக்கள் இருந்தாலே போதும் என்றாகிவிட்டது. இவ்வளவு சுலபமான ஒன்றை யாரும் சொல்லாத காரணத்தால் இழந்த இளைஞர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

பெண்களுக்குக் கொஞ்சம் நாள் வேண்டும். ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகளை ஒன்றாக வளர்த்து, ஊசி வழியாக வெளியே எடுத்து, அதிவேகமாக உறைய வைக்கிறார்கள். முன்பு மாதவிடாய் வரும்வரை காத்திருந்து தொடங்குவார்கள். இப்போது மாதத்தின் எந்த நாளிலும் தொடங்க முடிகிறது என்பதால், ஏறக்குறைய இரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜனால் தூண்டப்படும் மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இந்த ஊசிகளோடு லெட்ரோசோல் மாத்திரையையும் சேர்த்துத் தந்து, ஹார்மோன் எகிறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். முட்டையை உறைய வைப்பது சோதனை முறை என்ற அடையாளத்தை அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2012-ல் நீக்கியது.

துணை இருப்பவர்கள் கருவாகவே உறைய வைக்கலாம். நீண்ட காலமாக இருக்கும் முறை, பலனும் நல்லது. ஆனாலும் ஒரு விஷயத்தை யோசிக்கச் சொல்வேன். கரு இருவருக்கும் சொந்தமானது. பின்னால் உறவு முறிந்தால், ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் அதைப் பயன்படுத்த முடியாமல் போகலாம். நோய்க்குப் பிறகு உறவுகள் எப்படி இருக்கும் என்று யாருக்கும் உத்தரவாதம் கிடையாது. முட்டையாக வைத்தால் அது அந்தப் பெண்ணுடையது மட்டும். இரண்டிலும் பாதிப் பாதியாக வைப்பவர்களும் உண்டு.

இரண்டு வாரம்கூட இல்லை என்றால்? அல்லது இன்னும் பருவமடையாத சிறுமி என்றால்? அப்போது சினைப்பைத் திசுவையே எடுத்து உறைய வைப்பதுதான் வழி. லேப்ராஸ்கோப்பி மூலம் ஒரு சினைப்பையையோ அதன் மேல்தோலின் ஒரு பகுதியையோ எடுத்து, மெல்லிய பட்டைகளாக வெட்டி உறைய வைக்கிறார்கள். குணமான பின் மீண்டும் உடலில் பொருத்தினால், சில மாதங்களில் ஹார்மோனும் முட்டையும் வரத் தொடங்கும். பெல்ஜியத்தில் ஜாக் டோனெஸ் தலைமையிலான மருத்துவர்கள் 1997-ல் ஹாட்ஜ்கின் நோய் வந்த ஒரு பெண்ணிடம் எடுத்த திசுவைப் பின்னர் பொருத்தி, 2004-ல் அவருக்குக் குழந்தை பிறந்ததை அறிவித்தார்கள். அதன் பிறகு உலகெங்கும் 200-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படிப் பிறந்திருக்கிறார்கள். ரத்தப் புற்றுநோயில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. எடுத்து வைத்த திசுவுக்குள் நோய் அணுக்கள் பதுங்கியிருந்தால், திருப்பிப் பொருத்தும்போது நோயையும் சேர்த்துப் பொருத்துவதாகிவிடும்.

பருவமடையாத சிறுவர்களிடம் சேமிக்க விந்தணு கிடையாது. அவர்களுடைய விரைத் திசுவை எடுத்து வைக்கும் முயற்சிகள் ஆய்வு நிலையில் இருக்கின்றன. 2019-ல் ஒரு ரீசஸ் குரங்கில், பருவமடையுமுன் எடுத்து உறைய வைத்த திசுவிலிருந்து உருவான விந்தணுவால் ஆரோக்கியமான குட்டி பிறந்ததாக அறிவித்தார்கள்.

கீமோ நடக்கும்போது சினைப்பையைத் தற்காலிகமாக உறங்க வைக்கும் கோசரலின் போன்ற ஊசிகளும் உண்டு. ஹார்மோன் ஏற்பி இல்லாத, அதாவது ஹார்மோனால் தூண்டப்படாத மார்பகப் புற்றுநோயில் இதைச் சோதித்த போயம்ஸ் ஆய்வு 2015-ல் வெளியானது. ஊசி போட்டவர்களில் 8 சதவீதத்தினருக்கும், போடாதவர்களில் 22 சதவீதத்தினருக்கும் சினைப்பை செயலிழந்திருந்தது. நல்ல பலன்தான். ஆனால் இதை முட்டை சேமிப்புக்குப் பதிலாக வைத்துக்கொள்ளக் கூடாது, கூடுதல் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளலாம்.

உறுப்பிலேயே வரும் புற்றுநோயில் அறுவை சிகிச்சையின் எல்லையைச் சுருக்க முடிகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் சிறியதாக, ஆரம்ப நிலையில் இருந்தால், கருப்பையை விட்டுவிட்டு வாய்ப் பகுதியை மட்டும் நீக்கும் முறையைப் பிரெஞ்சு மருத்துவர் டேனியல் டார்ஜெண்ட் வகுத்தார். கருப்பை உள்சுவரில் ஆரம்ப நிலையிலுள்ள, வீரியம் குறைந்த புற்றுநோயைச் சில காலம் புரோஜெஸ்டிரான் வகை மருந்தால் அடக்கி வைத்து, அந்த இடைவெளியில் குழந்தை பெற்றவர்கள் உண்டு.

எதையும் சேமித்து வைக்காதவர்களுக்கு

இதையெல்லாம் படிக்கும்போது, சிகிச்சை முடிந்து பல வருடம் ஆன ஒருவருக்கு நெஞ்சு கனக்கலாம். எதையும் சேமிக்காதவர்களுக்கும் வழிகள் இருக்கின்றன. சிகிச்சைக்குப் பின் இயற்கையாகவே கருத்தரித்தவர்கள் ஏராளம். ஆண்களுக்கு விந்துப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும், நுண்ணோக்கியின் துணையோடு விரைக்குள் தேடினால் ஆங்காங்கே உற்பத்தி நடக்கும் சிறு பகுதிகள் அகப்படுவதுண்டு. அங்கிருந்து எடுத்த விந்தணுவை இக்சி மூலம் பயன்படுத்துகிறார்கள். பெண்களுக்கு மிச்சமிருக்கும் முட்டைகளைச் சிகிச்சை முடிந்த பிறகும் எடுத்து உறைய வைக்கலாம். முட்டை அறவே இல்லாதவர்கள் தானமாகப் பெற்ற முட்டையில் உருவான கருவைத் தங்கள் கருப்பையிலேயே சுமக்க முடிகிறது. தத்தெடுப்பதும் உண்டு. அதை "எதுவும் முடியாதவர்களுக்கான கடைசி வழி" என்று வரிசையின் கடைசியில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. சிலர் இத்தனை ஊசிக்குப் பிறகு இன்னொரு மருத்துவமனைப் பயணம் வேண்டாம் என்று முதலிலேயே அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குழந்தையே வேண்டாம் என்று நிம்மதியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

இங்கே இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். "உனக்குக் குழந்தை பிறக்காது" என்று யாரோ சொன்னதை நம்பி, சிகிச்சையின் நடுவிலோ முடிந்த உடனேயோ கருத்தடை இல்லாமல் இருந்து கர்ப்பமானவர்கள் உண்டு. மருந்து உடலில் இருக்கும்போது உண்டாகும் கருவுக்கு ஆபத்து அதிகம். மாதவிடாய் நின்றிருந்தாலும் முட்டை வெளிவரலாம். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஆண், பெண் இருவருக்கும் கருத்தடை தேவை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரைகள் பொதுவாகக் கூடாது; ஆணுறை, காப்பர்-டி போன்றவைதான் பொருத்தம்.

எவ்வளவு நாள் காத்திருப்பது

"இரண்டு வருடம் கழித்து" என்பது அடிக்கடி காதில் விழும் பதில். நோய் திரும்பும் வாய்ப்பு பல வகைகளில் முதல் இரண்டு, மூன்று வருடங்களில்தான் அதிகம் என்பதால் அப்படிச் சொல்கிறார்கள். கர்ப்பத்தின் நடுவில் நோய் திரும்பினால் எடுக்க வேண்டிய முடிவுகள் மிகக் கொடுமையானவை. இது எல்லோருக்கும் பொதுவான விதி ஆகாது. நோயின் வகை, நிலை, வயது, மிச்ச இருப்பு எல்லாவற்றையும் வைத்துத்தான் நாளைக் குறிக்க வேண்டும். மருந்து உடலைவிட்டு நீங்கும் கணக்கு தனி. மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுஸுமாப் ஊசி முடிந்து 7 மாதம் விடச் சொல்கிறார்கள், ஏனென்றால் கருவைச் சுற்றியுள்ள நீரை அது குறைத்துவிடும். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் எடுத்த பெண்கள் குறைந்தது 6 மாதம் பொறுக்க வேண்டும். ஆண்களும் கீமோவுக்குப் பின் உடனே முயலக் கூடாது. சேதமடைந்த விந்தணுக்கள் முழுக்க வெளியேறிப் புதியவை வர மாதக்கணக்கில் ஆகும்.

காலங்கள் மோதுவதாக மேலே சொன்னேன். அது மிகக் கடுமையாக நடப்பது ஹார்மோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோயில். இதற்கு டாமோக்சிஃபென் போன்ற மாத்திரைகளை 5 முதல் 10 வருடம் எடுக்க வேண்டும். எடுக்கும் காலத்தில் கர்ப்பம் கூடாது. 34 வயதில் நோய் வந்த பெண் மாத்திரையை முடிக்கும்போது 39-ஐயோ 44-ஐயோ தொட்டிருப்பார். அதற்குள் கதவு சாத்தியிருக்கும். மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் நோய் வந்துவிடுமோ என்ற பயம் மருத்துவர்களுக்கும் இருந்தது.

அந்தப் பயத்தை நேருக்கு நேர் சோதித்ததுதான் பாசிட்டிவ் என்ற பன்னாட்டு ஆய்வு. 42 வயது வரையுள்ள 518 பெண்கள் இதில் சேர்ந்தார்கள். ஒன்றரை முதல் இரண்டரை வருடம் மாத்திரை எடுத்த பிறகு, குழந்தைக்காக இரண்டு வருடம் வரை நிறுத்திவைத்தார்கள். மாத்திரை உடலைவிட்டு நீங்க 3 மாதம், அப்புறம் முயற்சி, கர்ப்பம், பிரசவம், விரும்பினால் தாய்ப்பால், பின் மீண்டும் மாத்திரை. 2023-ல் வெளியான முடிவில், கர்ப்பம் குறித்துப் பின்தொடரப்பட்ட 497 பேரில் 368 பேர் கருத்தரித்திருந்தார்கள். 317 பேருக்குக் குழந்தை பிறந்திருந்தது. மூன்று வருடத்தில் நோய் திரும்பியோ புதிதாகவோ வந்தது 8.9 சதவீதத்தினருக்கு. மாத்திரையை நிறுத்தாத, இவர்களை ஒத்த பெண்களிடம் அது 9.2 சதவீதம். கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்த வகைப் புற்றுநோய் பத்து, பதினைந்து வருடம் கழித்தும் திரும்பக்கூடியது என்பதால் அந்தப் பெண்களைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். அதனால்தான் குழந்தை பிறந்த பின் மாத்திரையை மறக்காமல் திரும்பத் தொடங்குவது அவ்வளவு முக்கியம். கைக்குழந்தையோடு திணறும் அம்மா தன் மாத்திரையைத்தான் முதலில் மறப்பார். வீட்டில் இருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கர்ப்பம் நோயைத் திருப்பிக் கொண்டுவருமா?

பலரை உள்ளூரத் தின்னும் பயம் இது. கர்ப்பத்தில் ஹார்மோன் பெருகுகிறது, ஆகவே மார்பகப் புற்றுநோய் திரும்பும் என்று பல காலம் நம்பப்பட்டது. 2021-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 39 ஆய்வுகளிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மார்பகப் புற்றுநோய்ப் பெண்களின் தகவலைச் சேர்த்துப் பார்த்தது. பின்னால் கருத்தரித்தவர்களின் ஆயுள் குறையவில்லை. மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ள 4,732 இளம் பெண்களைப் பார்த்த மற்றொரு ஆய்வு 2023 டிசம்பரில் வந்தது. நோய் வந்து பத்து வருடத்துக்குள் அவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் சற்று அதிகமானோர் கருத்தரித்திருந்தார்கள். அவர்களுக்கும் நோய் கூடுதலாகத் திரும்பவில்லை.

ஆனால் கர்ப்பமே ஆபத்தில்லாதது என்று இதைப் படிக்கக் கூடாது. அதே தொகுப்பாய்வில் குறைப்பிரசவமும், எடை குறைந்த குழந்தைகளும், சிசேரியனும் கொஞ்சம் கூடுதலாக இருந்தன. இடுப்பில் கதிர்வீச்சு பட்டவர்களுக்குக் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் இன்னும் கூடுதல். டாக்சோரூபிசின் போன்ற, இதயத்தைப் பாதிக்கக்கூடிய கீமோ மருந்து எடுத்தவர்கள், மார்பில் கதிர்வீச்சு பெற்றவர்கள் கருத்தரிக்குமுன் எக்கோ எடுத்து இதயத்தைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு வரை கூடுகிறது. வெளியே தெரியாமல் பலவீனப்பட்டிருந்த இதயம் அந்தச் சுமையில்தான் முதல்முறையாகத் தடுமாறும். முன்கூட்டியே தெரிந்தால் இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து பெரும்பாலோரைப் பத்திரமாகக் கரைசேர்த்துவிட முடியும்.

அடுத்த பயம் குழந்தையைப் பற்றியது. சிகிச்சை முடிந்து உரிய இடைவெளிக்குப் பின் உண்டான குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடுகள் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்றே பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ புற்றுநோய் இருந்ததால் மட்டும் குழந்தைக்கும் வரும் என்பதில்லை. விதிவிலக்கு, பரம்பரையாக வரும் மரபணு மாற்றங்கள். பிஆர்சிஏ, குடல் மற்றும் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் லின்ச் நோய்க்குறி, கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவின் பரம்பரை வகை போன்றவற்றில் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த மாற்றம் போய்ச்சேரும் வாய்ப்பு சரிபாதி. ஐவிஎஃப் முறையில் கருவைப் பரிசோதித்து, மாற்றம் இல்லாததை மட்டும் கருப்பையில் வைக்க முடியும். அதைச் செய்வதா வேண்டாமா என்பது அந்தத் தம்பதியின் மனசாட்சிக்கு உரியது. செய்தே ஆக வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

தாய்ப்பாலும் தரலாம். அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் கண்ட மார்பில் பால் குறைவாகவே சுரக்கும், சில சமயம் சுரக்காது. மறு மார்பு ஒன்றே குழந்தைக்குப் போதுமானதாக இருக்க முடியும்.

சிறு வயதிலேயே புற்றுநோய் கண்டு மீண்டவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களைத்தான் எளிதில் மறந்துவிடுகிறோம். ஐந்து வயதில் சிகிச்சை பெற்ற குழந்தைக்குத் தன் உடலில் என்ன மருந்து ஏறியது என்று தெரியாது. பெற்றோர் அந்தக் காலத்தைப் பேசவே விரும்புவதில்லை. காகிதங்களும் காணாமல் போய்விடுகின்றன. இருபது வயதில் அந்தப் பெண்ணுக்கு மாதவிடாய் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும், ஆனால் சினைப்பையின் காலம் முப்பதுக்குள்ளேயே முடியக்கூடும். அவளுக்கு அது தெரிந்திருந்தால் 22 வயதில் ஏஎம்எச் பார்த்து, தேவைப்பட்டால் முட்டைகளைச் சேமித்திருக்கலாம். எனவே மருந்தின் பெயர், மொத்த அளவு, கதிர்வீச்சு பட்ட இடம், அதன் அளவு எல்லாம் அடங்கிய சிகிச்சைச் சுருக்கத்தை மருத்துவமனையில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளை விவரம் தெரிந்த வயதுக்கு வந்ததும் அதை அவர்கள் கையிலேயே கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கூட உட்கார்ந்து விளக்குங்கள்.